வண்டி புதையாது, சரி, மண்?

அமெரிக்காவின் ஓஹையோ மாநில உழவர்கள் 2019ஆம் ஆண்டு மழையை லேசில் மறக்கமாட்டார்கள். விதைப்புப் பருவம் முழுக்க வானம் வெளிவாங்கவே இல்லை. மே 26ஆம் தேதி நிலவரப்படி, அந்த நாட்டின் முக்கிய மக்காச்சோள மாநிலங்களில் 58 விழுக்காடுதான் விதைப்பு முடிந்திருந்தது. அதற்குள் 90 விழுக்காடு முடிந்துவிடுவது வழக்கம். கடைசியில் நாடு முழுவதும் 1.9 கோடி ஏக்கருக்கு மேல் விதையே விழாமல் கிடந்தது. ஓஹையோவில் மட்டும் ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கர்.

அதிலும் மாநிலத்தின் வடமேற்கு மூலை பட்ட பாடு சொல்லி மாளாது. ஒரு காலத்தில் அது 'கிரேட் பிளாக் ஸ்வாம்ப்' என்ற பெருஞ்சதுப்பு. 19ஆம் நூற்றாண்டில் மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய்களைப் பதித்து, நீரை வடித்து, விளைநிலமாக்கினார்கள். கனத்த களி. வடிகால் கொஞ்சம் திணறினாலும் பழைய சதுப்பு தலைகாட்டிவிடும்.

இப்படிப்பட்ட ஆண்டில், டயர் டிராக்டர் வயல் நடுவே அச்சு வரை இறங்கி நிற்கும்போது, கொட்டகை மூலையில் துருவேறிக் கிடக்கும் பழைய கிராலர் பக்கம் உழவரின் கண் போவது இயல்பு. நம்மூரில் 'செயின் வண்டி' என்கிறார்களே, அந்த இனம். கேட்டர்பில்லர் நிறுவனம் 1938 முதல் 1957 வரை செய்த டி2 அதில் பெயர்போனது. எடை மூன்று டன்னுக்குச் சற்று மேல். அதைக் கிளப்புவதே ஒரு தனி வேலை. டீசல் எஞ்சினை ஒட்டி இரண்டு சிலிண்டர் கொண்ட குட்டிப் பெட்ரோல் எஞ்சின் ஒன்று இருக்கும். முதலில் அதைக் கிளப்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் என்பதால் குட்டியின் சூட்டில் பெரியதும் வெதுவெதுப்பாகும். பிறகு நெம்புகோலைத் தள்ளி அமுக்கத்தைத் தளர்த்தி, பெரியதைச் சற்று நேரம் வெறுமனே சுழலவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறியதும் டீசலைத் திறந்தால் கரும்புகையோடு பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. இரண்டு நெம்புகோல், இரண்டு பிரேக். மணிக்கு எட்டு கிலோமீட்டர் போனால் அதிகம்.

சேற்றுக்கென்றே பிறந்த வண்டி இது என்பதில் சந்தேகமில்லை. கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரை அடுத்த ஆற்றுக் கழிமுகம், நாணலும் கோரையும் மக்கிச் சேர்ந்த கரிய மண். குதிரைக்கே கால் புதையும். அங்கே நீராவி டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த பெஞ்சமின் ஹோல்ட், வண்டி அமிழாமல் இருக்கச் சக்கரத்தை அகலமாக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் வண்டியின் மொத்த அகலம் 46 அடியானது! அதைத் திருப்புவதற்குள் பொழுது போய்விடும். சலித்துப்போய், சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சங்கிலியில் மரச்சட்டங்களைப் பூட்டிச் சுற்றவிட்டார். 1904 நவம்பர் 24 அன்று ராபர்ட்ஸ் தீவில் அது வெள்ளோட்டம் கண்டது. முதல் உலகப்போரில் பீரங்கி இழுத்ததும் டாங்கிக்கு வழிகாட்டியதும் பிறகு வந்த கதை. ஹோல்டின் நிறுவனமும் போட்டியாளரான பெஸ்டின் நிறுவனமும் 1925இல் இணைந்து பிறந்ததுதான் கேட்டர்பில்லர்.

கணக்கு எளிது. டி2 வண்டியின் ஒவ்வொரு செயினும் சுமார் 30 சென்டிமீட்டர் அகலத்தில், ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தரையைத் தொடுகிறது. மூன்றேகால் டன் எடை அவ்வளவு பரப்பில் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் பளு 400 கிராமைத் தொடாது. வயலில் நடக்கும் ஆள் ஒற்றைக் காலை ஊன்றும்போது விழுவதும் ஏறத்தாழ அதே அளவுதான். சாதாரண டிராக்டர் டயருக்கடியில் அதுபோல் இரண்டு மூன்று பங்கு அழுத்தம் இருக்கும்.

ஆகவே வண்டி புதையாது. அந்த மட்டில் ஹோல்ட் ஜெயித்தார். ஆனால் சேற்றில் வண்டி ஓடுவது ஒன்று, விதை முளைப்பது வேறொன்று. செயின் இருக்கிற தைரியத்தில் வயலில் இறங்குபவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

வண்டிக்குப் பின்னால் வரும் விதைப்பு இயந்திரத்தைப் பாருங்கள். அதற்குச் செயின் கிடையாது. பழைய நான்கு வரிசைக் கருவிகளில், தரையில் உருளும் சக்கரமே விதைத் தட்டைச் சுழற்றும். சேறு அப்பிச் சக்கரம் வழுக்கினால் தட்டு நிற்கும். அந்த இடத்தில் விதை விழாது. பத்து நாள் கழித்து முளைப்பைப் பார்க்கும்போதுதான் வரிசையில் ஓட்டை தெரியும். விதை விழுந்தாலும் தொல்லை தீராது. சால் கீறும் இரும்புத் தட்டுகள் ஈரக்களியை வெட்டுவதில்லை, வழவழவென்று தேய்த்துவிடுகின்றன. கொத்தனார் கரணையால் மெழுகிய சுவர்போல அந்தச் சாலின் இருபுறமும் கெட்டித்துப்போகும். இளவேர் அதைத் துளைக்க முடியாமல் சாலோடு சாலாக ஓடும். பின்னால் வெயில் காய்ந்தால் சால் வாய்பிளந்து விதை வெளியே தெரியும். இதில் டிராக்டரின் செயின் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சரி, பழைய கிராலரை அப்படியே ஒதுக்கிவிடலாமா? கூடாது. அதன் அருமை செயினில் இருப்பதைவிட எடையில் இருக்கிறது. இன்றைய நான்கு செயின் பெருவண்டிகள் 25 டன் அளவில் இருக்கின்றன. மேல்மண்ணை இறுக்குவது தரையில் விழும் அழுத்தம். அடிமண்ணை இறுக்குவது மொத்த எடை. செயினை எவ்வளவு அகலப்படுத்தினாலும், கீழே போகப்போக எடை தன் வேலையைக் காட்டும். சுவீடனின் தாமஸ் கெல்லரும் சூரிக்கின் டானி ஓரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைப் போட்டு உடைத்தது. 1958இல் தானியம் நிரம்பிய அறுவடை இயந்திரம் ஒன்றின் எடை சுமார் 4 டன். இன்று அது 36 டன் வரை போகிறது. டயரும் செயினும் அகன்றதால் தரைமேல் அழுத்தம் பெரிதாகக் கூடவில்லை. அடிமண்ணில் மட்டும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மேல்மண் இறுக்கத்தை உழுது உடைக்கலாம். கலப்பை எட்டாத ஆழத்தில் நேர்ந்த இறுக்கம் பல பத்தாண்டுகளுக்கும் நிலைக்கும்.

மூன்று டன் பழசு, இரண்டு நாள் முந்திப் போக உதவுகிற வண்டி. அவ்வளவுதான். விதை விழும் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி நீவும்போது, அது நாடாவாக நீண்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். உருண்டை பிடித்துத் தட்டினால் உதிரும் பதம் வந்தபின், டயர் வண்டிக்காரர் இன்னும் இரண்டு நாள் காத்திருக்கையில் இவர் வேலையை முடிக்கலாம். வயல் முனையில் திரும்பும்போது மட்டும் கவனம் வேண்டும். ஒரு செயினைப் பிடித்து மறுசெயினில் சுழன்றால் மண் பிய்ந்து குழியாகிவிடும்.

பிறகு ஏன் சேற்றிலேயே இறங்குகிறார்கள்? காலண்டர் துரத்துகிறது. ஓஹையோவில் மக்காச்சோளக் காப்பீட்டுக்கு ஜூன் 5 கடைசித் தேதி. அதன்பின் விதைத்தால் நாளுக்கு ஒரு விழுக்காடு காப்பு குறையும். விதைக்காமலே விட்டால் காப்பில் 55 விழுக்காடு கிடைக்கும். டீசலும் விதையும் போட்டு, மண்ணையும் கெடுத்து, அரை விளைச்சல் எடுப்பதைவிட அந்த 55 பல வயல்களுக்கு மேல். ஆனால் விதைக்காத நிலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது உழவருக்குக் கைவராத காரியம்.

காவிரி டெல்டாவுக்கும் இதில் பங்குண்டு. நெல் நடவுக்கு இந்தக் கவலை கிடையாது. கேஜ் வீல் கட்டிச் சேறடித்து, தண்ணீர் இறங்காத அடித்தட்டை நாமே உண்டாக்குகிறோம். சிக்கல் அறுவடையில் வருகிறது. தை மாதம் வயல் ஈரமாக இருந்தால் டயர் வண்டி இறங்காது. கூடுதல் வாடகை கொடுத்துச் செயின் வண்டி பிடிக்கிறார்கள். அதே வயலில், அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்து தெளித்திருப்பார்கள். வண்டி போன தடத்தில் முளைத்த உளுந்து நசுங்குகிறது. தடத்தில் தேங்கும் நீரில் மிச்சமும் அழுகுகிறது. நெல்லைக் காப்பாற்றிய அதே செயின் உளுந்தைத் தின்றுவிடுகிறது.

வேளாண் இயந்திர மானியத்தில் டிராக்டர்களைக் குதிரைத்திறன் கொண்டுதான் வகை பிரிக்கிறார்கள். வண்டியின் எடையையும் தரையில் விழும் அழுத்தத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வாடகை வண்டிகளிலும் இந்த இரண்டு எண்களை எழுதி ஒட்டச் சொல்லலாம். மணிக்கு எவ்வளவு என்று கேட்கும் உழவர், எத்தனை டன் என்றும் சேர்த்துக் கேட்க அதுவே வழி.