தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்ப்போம்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறுவதென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் கணினியானால் எட்டாம் தலைமுறை புரொசெசராவது இருக்க வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினிகள் அநேகமாக இந்தத் தேர்வில் தேறாது. இந்த ஒரு முடிவால் உலகெங்கும் 24 கோடி கணினிகள் கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023இலேயே கணக்கிட்டிருந்தது. நம் இலங்கையிலும் வங்கி, காப்புறுதி நிறுவனம், அரச திணைக்களம், தோட்டக் கம்பனி என்று எங்கும் ஒரே கேள்வி: புதியது வந்த பிறகு பழையதை என்ன செய்வது?

இதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு. "தோட்டப் பாடசாலைகளுக்குக் கொடுத்துவிடலாம்." அந்தப் பதிலில் இருக்கும் நல்லெண்ணத்தை நாம் மதிக்கிறோம். மலையகத்துக்குக் கணினிகள் வர வேண்டும் என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேலை செய்யும் கணினிதான் வர வேண்டும். அதன் ஆயுள் முடியும் நாளில் கொடுத்தவரே வந்து எடுத்துச் செல்ல வேண்டும். இந்த இரண்டும் இல்லாத அன்பளிப்பு, கொழும்பின் குப்பையைப் பதுளை மாவட்டத்து மடுல்சீமை மலைக்கு இடம் மாற்றும் வேலையாகவே முடியும்.

மடுல்சீமைப் பக்கத் தோட்டப் பாடசாலை ஒன்றின் களஞ்சிய அறையை அண்மையில் பார்த்தோம். உடைந்த கதிரைகளுக்குப் பின்னால் சிபியு பெட்டிகள் சுவரோரமாக அடுக்கிக் கிடந்தன. அவற்றின் மேல் பழைய பெட்டி மொனிட்டர்கள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் வெள்ளைப் பெயின்டில் இன்வென்டரி நம்பர். மாதக் கணக்கில் பனிமூட்டம் சூழ்ந்திருக்கும் ஊர் அல்லவா, ஆணித் தலைகளில் துரு ஏறியிருந்தது. கீபோர்டுகளில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கணினி கற்பிக்கும் ஆசிரியர் ஒன்றைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். மூடியைக் கழற்றித் தூசு தட்டினார். ரேமை வெளியே எடுத்து, பக்கத்தில் நின்ற மாணவியிடம் அழிறப்பரை வாங்கி, அதன் பொன்னிறப் பற்களை மெதுவாகத் தேய்த்துத் திரும்பவும் மாட்டினார். நாணயம் போல இருக்கும் சிறு பேட்டரி ஒன்றை மாற்றினார். "சேர், இது செத்துப்போன கம்பியூட்டர்தானே?" என்று அந்தப் பிள்ளை கேட்டு முடிக்கும் முன்பே பெட்டிக்குள் 'பீப்' என்று ஒரு சத்தம். திரை ஒளிர்ந்தது. திகதியை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. மாலைக்குள் இன்னொன்றும் உயிர் பெற்றது.

அப்படியானால் அவை ஏன் இத்தனை ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன? அதிபரையோ ஆசிரியரையோ குற்றம் சொல்லிப் பயனில்லை. பாடசாலைக் கணினி அரச சொத்து. பொருட் கணிப்பீட்டுச் சபை வந்து பாவனைக்கு உதவாதது என்று எழுதும்வரை அதை அகற்ற நிதிப் பிரமாணங்கள் இடம் கொடுப்பதில்லை. ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தினால், நாளை கணக்காய்வில் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சம். திருத்தவும் பயம், எறியவும் பயம் என்றால் பூட்டி வைப்பதுதான் மிஞ்சும் வழி. இதற்கிடையில் அன்பளிப்பாக வந்தவையும் அதே அறைக்குள் போய்ச் சேர்கின்றன. வரும்போதே பாதி உயிருடன் வந்தவை அவை.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்காதே' என்பது பழமொழி. கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்ற பண்பில் பிறந்த சொல் அது. ஆனால் மாடு செத்தால் மண்ணில் புதைக்கலாம்; கணினியைப் புதைக்க முடியாது. பழைய பெட்டி மொனிட்டரின் கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது. ஆரம்பகாலத் தட்டைத் திரைகளின் விளக்குக் குழாய்களில் பாதரசம் இருக்கிறது. செம்புக்காக வயரை எரித்தால் அதன் பிளாஸ்டிக் உறையிலிருந்து டயொக்சின் நச்சு கிளம்புகிறது. அப்படி எரிப்பவர்களும் அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் பெரும்பாலும் வேறு பிழைப்பு இல்லாத ஏழைகள். ஓடையிலோ பள்ளத்திலோ கொட்டினால் நஞ்சு அங்கேயே நின்றுவிடாது. பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறக்கும் கல் ஓயா, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தை நிரப்பி, அம்பாறை வயல்களுக்குப் பாய்கிறது. மலையில் எறிவது சமவெளியின் சோற்றுக்குப் போகும் ஊர் நம்முடையது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகள் இடிந்ததைக் கண்ட பிறகும், சரிவில் புதைத்தது சரிவிலேயே கிடக்கும் என்று யாரும் நம்ப முடியாது.

ஆகவே பல்லைப் பார்ப்போம். முதல் பல், வேகம். 4 ஜிபி ரேமும், பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக ஓர் எஸ்எஸ்டியும் இருந்தால், 2012இல் வாங்கிய கணினியும் ஒரு பாடசாலைக்குப் போதுமான வேகத்தில் ஓடும். இரண்டாவது, இயங்குதளம். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸை அப்படியே பிள்ளைகளின் கையில் கொடுப்பது சரியல்ல. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் இதே கணினிகளில் நன்றாக இயங்கும். புதுப்பிப்புகளும் தொடர்ந்து வரும். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். சொல் செயலியும் விரிதாளும் கூடவே கிடைக்கும். கேரளம் இருபது ஆண்டுகளாகத் தன் பொதுப் பாடசாலைகளில் கட்டற்ற மென்பொருளைத்தான் பயன்படுத்திவருகிறது. அதற்காக ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. இணையம் எட்டாத தோட்டத்தில்கூட, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் தமிழ் விக்கிப்பீடியாவையும் கணினிக்குள் ஏற்றிவைத்தால் பிள்ளைகள் படிப்பார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளின் ஊருக்கு இது சிறிய உதவி அல்ல.

மூன்றாவது பல் ஹார்ட் டிஸ்க். வாடிக்கையாளர் தகவல் வெளியே போய்விடும் என்ற அச்சத்தில் சில நிறுவனங்கள் அதைக் கழற்றிக்கொண்டு வெறும் பெட்டியைக் கொடுக்கின்றன. அச்சம் நியாயமானது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. கோப்புகளை அழிப்பதாலோ குப்பைத் தொட்டியைக் காலி செய்வதாலோ தகவல் போய்விடாது என்பதும் உண்மை. ஆனால் ஹார்ட் டிஸ்க் முழுவதும் ஒரு தடவை பூச்சியங்களை எழுதிவிட்டால் பழைய தகவலை மீட்பது நடைமுறையில் முடியாத காரியம். அதற்கான மென்பொருளும் இலவசம். அதன் பிறகும் கொடுக்க மனம் வராவிட்டால், கழற்றியதற்கு ஈடாக ஓர் எஸ்எஸ்டியைப் பொருத்திக் கொடுக்கட்டும். டிஸ்க் இல்லாத பெட்டியைக் கணினி என்று பட்டியலில் எழுதக் கூடாது.

"எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் எப்போதும் பழையதே?" என்று மலையகத்தில் ஒரு குரல் எழும். எழத்தான் வேண்டும். வெள்ளைக்காரன் கட்டிய லயத்தில் இன்னும் குடும்பங்கள் வாழும் சமூகத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணினி அறிவைக் கணக்கெடுக்கிறது. ஒவ்வொரு முறையும் கடைசியில் நிற்பது தோட்டம்தான். புதிய கணினி ஒன்று ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. 2024இல் நிர்ணயித்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் அது, ஒரு சதம்கூடச் செலவழிக்காமல் சுமார் 74 நாள் கொழுந்து பறித்திருந்தால் கிடைத்திருக்கும் பணம். இந்த இடைவெளியை அடைப்பது அரசின் கடமை. அன்பளிப்புக் கணினி அந்தக் கடமைக்கு மாற்று ஆகாது. ஆனால் சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பத்தைப் பாடமாக எடுத்துவிட்டு, கொப்பியில் கீபோர்டை வரைந்து விரல் பழகும் மாணவிக்கு, அரசு கடமையைச் செய்யும்வரை பொறுத்திரு என்று சொல்லவும் நமக்கு மனமில்லை. பழையது என்பதில் இழிவு இல்லை. ஓடாததை ஓடும் என்று சொல்லிக் கொடுப்பதில்தான் இழிவு இருக்கிறது.

உயிர் முடிந்த கணினிக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், இலத்திரனியல் கழிவை அனுமதிப்பத்திரம் பெற்றவர்களே கையாள வேண்டிய அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியுள்ளன. அந்த அனுமதிப்பத்திரத்தை வழங்குவது மத்திய சுற்றாடல் அதிகார சபை. சட்டம் இருக்கிறது, மடுல்சீமையிலிருந்து அந்த அனுமதி பெற்றவரிடம் போய்ச் சேரும் பாதைதான் இல்லை. ஒரு தோட்டப் பாடசாலை தன் பழைய மொனிட்டரை லொறி பிடித்துக் கொழும்புப் பக்கம் அனுப்பும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. 2022இல் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவு சேர்ந்தது, அதில் 22.3 வீதம் மட்டுமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. மீதி போகும் இடம் எது என்று தேடினால், சேகரிக்க எவரும் வராத இத்தகைய ஊர்களுக்கே வந்து நிற்போம்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. முதலாவது, பொருட் கணிப்பீட்டில் கணினிகளைத் தனியாக எடுத்து, ஒரு தொழில்நுட்பவியலாளரின் முன்னிலையில் ஆண்டுதோறும் அவற்றின் நிலையைத் தீர்மானியுங்கள். இரண்டை இணைத்து ஒன்றாக்கும் அனுமதியை எழுத்தில் கொடுங்கள். கணக்காய்வுப் பயம் தீர்ந்தாலே பாதி அறைகள் திறக்கும். இரண்டாவது, ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் பதுளையில் ஒரு பழுதுபார்க்கும் கூடத்தை அமைக்கட்டும். கைகளுக்குப் பஞ்சமில்லை. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பசறை வீதியிலேயே இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரியும் நகரில் உண்டு. அன்பளிப்புகள் நேரே பாடசாலைக்குப் போகாமல் அந்தக் கூடத்தில் சோதிக்கப்பட்ட பிறகே பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் ஏறட்டும். மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு நாள் சேகரிப்பு லொறி மலை ஏறட்டும். தபாலகங்கள் வழியாக இலத்திரனியல் கழிவைச் சேகரித்த அனுபவம் நாட்டுக்கு ஏற்கெனவே உண்டு. பிரதேச சபைகளும் சுற்றாடல் அதிகார சபையும் கைகோத்தால் போதும். தோட்டக் கம்பனிகளும் தங்கள் அலுவலகங்களின் பழைய கணினிகளை இதே லொறியில் ஏற்றிச் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும்.

கடைசியாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியோடு ஒரு தாளையும் கொடுங்கள். வாங்கிய ஆண்டு, மாற்றிய பாகம், தகவல் அழித்த திகதி ஆகியவற்றை அதில் எழுதுங்கள். பழுதானால் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று கீழே ஒப்பமிடுங்கள். கையளிப்பு விழாவில் பொன்னாடையை விட அந்தத் தாள் மதிப்பானது. அந்தத் தாள் இல்லாமல் வரும் பெட்டியை, நன்றி சொல்லி அப்படியே திருப்பி அனுப்பும் உரிமையை ஒவ்வொரு தோட்டப் பாடசாலை அதிபருக்கும் கல்வி அமைச்சு ஒரு சுற்றறிக்கையால் வழங்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல முடிகிறவர்தான் தானத்தை மரியாதையோடு வாங்க முடியும். இருநூறு ஆண்டுகளாகக் கொடுத்ததை வாங்கிப் பழகிய மலையகத்துக்கு, அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமை இனியாவது வரட்டும்.