ஒன்பதரை லட்சத்தில் ஒரு குளியலறை

பிரான்சில் சொந்த வீடு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் யாரிடம் பேசினாலும் இப்போது ஒரே புலம்பல்தான். கொத்தனார் கொள்ளையடிக்கிறான், பிளம்பர் ரத்தம் குடிக்கிறான், எலெக்ட்ரீஷியன் வந்து எட்டிப் பார்த்ததற்கே காசு கேட்கிறான். முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் வளர்ந்தவர்கள் இல்லையா, எந்தத் தொகையைக் கேட்டாலும் மனசு உடனே நூறால் பெருக்கிவிடுகிறது. அந்தப் பெருக்கலால் வருகிற புலம்பலை நான் ஒப்புக்கொள்வதில்லை.

என் தம்பி மகன் பாரீசுக்கு வடக்கே ஒரு பழைய அடுக்குமாடியில் இருக்கிறான். தாத்தா காலத்து சொல்தா குடும்பம் என்பதால் பேரப்பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். வேலை செய்வதற்கு முன் தொழில்காரர் எழுதித் தரும் மதிப்பீட்டுக்கு அங்கே தெவி என்று பெயர். குளியலறையைப் புதுப்பிக்க அவன் வாங்கிய தெவியை எனக்கு போனில் படம் எடுத்து அனுப்பினான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவன் என்பதால் குடும்பத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். "பெரியப்பா, 9,460 யூரோவாம். நம்ம ஊர்ல ஒன்பதரை லட்சம். அதுல மாடியே எடுத்துடலாம்" என்றான்.

வரி வரியாகப் படித்தேன். பழைய தொட்டியையும் ஓட்டையும் உடைத்து அப்புறப்படுத்த 1,240. சாமான் 3,950. கூலி 62 மணி நேரம், மணிக்கு 55 வீதம் 3,410. ஆக 8,600. அதன்மேல் தே வே ஆ என்கிற விற்பனை வரி பத்து சதவீதம், 860. கட்டி முடித்து இரண்டு வருஷத்துக்கு மேலான குடியிருப்பைப் புதுப்பித்தால் பத்து. இல்லாவிட்டால் வழக்கமான இருபது சதவீதம் கட்ட வேண்டியிருக்கும்.

அவன் கண்ணை உறுத்தியது அந்த 55தான். அது முழுவதும் பிளம்பரின் பைக்குள் போவதாக நினைத்துக்கொள்கிறான். பிரான்சில் சட்டம் வைத்த குறைந்தபட்சக் கூலி இன்று மணிக்கு ஏறக்குறைய 12 யூரோ. தொழில் தெரிந்த ஆளுக்குச் சம்பளச் சீட்டில் 16 என்று போட்டிருந்தால், ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் பிடித்தம் போகக் கைக்கு வருவது பன்னிரண்டரை இருக்கும். முதலாளி தன் பங்காகக் கட்டுவது தனி. ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுமுறை, வண்டி, டீசல், கருவிகள், இன்சூரன்ஸ் எல்லாம் அந்த 55க்குள் அடங்க வேண்டும். இலவசமாகத் தெவி எழுத வந்துபோகும் நேரமும் அதில்தான் சேரும். பத்துப் பேர் வீட்டில் அளவெடுத்தால் நாலு பேர்தான் வேலை கொடுப்பார்கள்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. மழையோ பனியோ பெய்து கட்டட வேலை நின்றுபோனால், இழந்த கூலியில் முக்கால் பங்கு வரை அங்கே தொழிலாளிக்குக் கொடுக்க 1946லேயே சட்டம் செய்துவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். வாரக்கணக்கில் டீக்கடையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நலவாரியம் இங்கேயும் இருக்கிறது, அட்டையும் கொடுக்கிறார்கள். ஆனால் மழை பெய்த நாளுக்குக் கூலி என்று யாரும் எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வேலையில் கொத்தனாருக்கு 1,100, சித்தாளுக்கு 700. அந்தப் பெண்மணி இரண்டாம் மாடிக்குச் செங்கல் சுமந்தார். கீழே விழுந்தால் அவரை யார் பார்ப்பார்கள் என்பது எந்த மதிப்பீட்டிலும் இல்லை. நம் கூலி மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1936ல் பிரான்சில் சம்பளத்துடன் விடுமுறை, வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை என்று சட்டங்கள் வந்த அதே கோடையில்தான், உரிமை கேட்ட நம் மில் தொழிலாளிகள் மீது ஜூலை 30ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது அதற்குப் பிறகுதான். வருஷா வருஷம் அந்த நாளில் மாலை போடுகிறோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவர்கள், தொழிலாளிக்குப் பென்ஷன் கட்டுகிற கூலியைக் கொள்ளை என்று சொல்வது எனக்கு ஜீரணமாகவில்லை.

தம்பி மகனுக்கு யாரோ ஒரு சிநேகிதர் வேறு வழி காட்டியிருந்தார். ரசீது கிடையாது, ரொக்கம், 4,500க்கு முடித்துத் தருகிற ஆள். அங்கே இதை 'ஓ நுவார்', கறுப்பில் செய்வது என்பார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். கட்டடம் பத்து வருஷத்துக்குள் கெட்டால் கட்டியவர் பொறுப்பு என்பது நெப்போலியன் காலத்து 1804 சிவில் சட்டத்திலேயே உண்டு. 1978 சட்டம் அதற்கு இன்சூரன்சையும் கட்டாயமாக்கியது. தெசெனால் என்பது அதுதான். தரைக்கு அடியில் பதித்த குழாய் ஆறாம் வருஷம் கசிந்து வீடு புழங்க முடியாமல் போனால் இன்சூரன்ஸ்காரனைக் கேட்கலாம். ரொக்கம் வாங்கிய ஆளை எங்கே போய்த் தேடுவது? கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கினால் அந்த 4,500 எத்தனையாகும் என்று கணக்குப் போடச் சொன்னேன். தெரிந்தே கறுப்பில் வேலை வாங்குகிறவர் மேலும் வழக்குப் போடலாம், அது வேறு. விழுந்து கால் உடைந்தால் அந்த ஆளுக்கும் நாதியில்லை. பெரும்பாலும் அவரும் நம்மைப்போல் எங்கிருந்தோ வந்தவராகத்தான் இருப்பார்.

அதற்காகப் பிரெஞ்சுத் தொழில்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. வருகிறேன் என்று சொன்ன நாளில் வராதவர்கள் அங்கேயும் உண்டு. ராத்திரியில் குழாய் உடைந்தால் வந்து நின்று வாய்க்கு வந்த தொகை கேட்பவர்களும் உண்டு. 'மொத்தமாக இவ்வளவு' என்று ஒரே வரியில் தெவி எழுதித் தந்தால் அதில் கையெழுத்துப் போடக்கூடாது. சண்டை போட வேண்டியது அந்த இடத்தில்தான். மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி, எந்த ஓடு, எந்தக் குழாய், உடைத்த குப்பை எங்கே போகிறது என்று தனித்தனியாக எழுதச் சொல்லலாம். குப்பை விவரம் 2021லிருந்து கட்டாயமும்கூட. தெசெனால் இன்சூரன்ஸ் தாளின் நகல் கேட்கலாம். குளியலறை வேலைக்கும் அது செல்லுமா, தேதி தாண்டவில்லையா என்று பார்க்க வேண்டும். முன்பணம் முப்பது சதவீதத்துக்கு மேல் கேட்டால் நான் கொடுக்கமாட்டேன்.

இந்தத் தெவியில் சாமான் 3,950 என்று மட்டும் இருந்தது. பிரித்து எழுதித் தரச் சொன்னோம். எழுதியதில், விலை உயர்ந்த ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டுமே 700 யூரோ என்று தெரிந்தது. அது வேண்டாம், திரை போட்டுக்கொள்கிறேன் என்று மருமகள் சொல்லிவிட்டாள். கூலியில் ஒரு சாந்திம்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. செப்டம்பர் வரை அவருக்கு நேரமில்லையாம், அதுவரை பழைய தொட்டியில்தான் குளியல்.