ஒரே குமிழில் இரண்டு மருந்து... ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் 5:1 கணக்கு!

சாம்பார்ப் பொடிக்கு மிளகாயும் மல்லியும் அளந்துதான் போடுகிறோம். மிஷினில் அரைத்து வாங்குவதற்குள் மல்லி மட்டும் பாதி காணாமல் போனால் குழம்பு என்ன ஆகும்? இரண்டு புற்றுநோய் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது உடம்புக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அக்யூட் மைலாய்டு லுகேமியா, வேகமாக முற்றும் ஒருவகை ரத்தப் புற்றுநோய். 1970-களிலிருந்து இதற்கு '7+3' சிகிச்சைதான். சைட்டராபின் 7 நாள் இரவு பகலாக டிரிப்ஸில் ஏறும். டானோரூபிசின் 3 நாள். எவ்வளவு சரியாக அளந்து கொடுத்தாலும், ரத்தத்தில் கலந்த பிறகு இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வெளியேறிவிடும். நோயுற்ற செல்லுக்குள் எது எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது யார் கையிலும் இல்லை.

கனடாவின் வான்கூவரில் லாரன்ஸ் மேயர் குழுவினர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மூலக்கூறு எண்ணிக்கையில் 5 சைட்டராபினுக்கு 1 டானோரூபிசின் இருந்தால் இரண்டும் கைகோத்து வேலை செய்கின்றன. சில விகிதங்களிலோ ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கிறது! எனவே, 5:1 கணக்கிலேயே இரண்டையும் 'லிபோசோம்' எனும் கொழுப்புக் குமிழுக்குள் அடைத்தார்கள். குமிழின் அளவு சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு.

'விக்ஸியோஸ்' என்ற இந்த மருந்துக்கு 2017 ஆகஸ்ட்டில் அமெரிக்கா அனுமதி தந்தது. அதற்கு முந்தைய பரிசோதனையில் பங்கேற்றவர்கள் 60 முதல் 75 வயதுக்குள் இருந்த 309 பேர். எல்லோருக்குமே குணமாக்கக் கடினமான வகை. பழைய முறையில் அவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 5.95 மாதங்கள், குமிழ் மருந்தில் 9.56 மாதங்கள். 

மூன்றரை மாதம்தானா என்று தோன்றும். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது பழைய சிகிச்சையில் 8 சதவிகிதம் பேரும், புதியதில் 18 சதவிகிதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். இத்தனைக்கும் புது மருந்து எதுவும் சேரவில்லை. அதே பழைய இரண்டுதான்.

7 நாள் டிரிப்ஸும் இல்லை. முதல் சுற்றில் 1, 3, 5-ம் நாள்களில் தலா 90 நிமிடம் போதும். ஆனால், ரத்த அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பக் கூடுதல் நாளாகும் என்பதால் தொற்று, ரத்தக்கசிவு இரண்டையும் உஷாராகக் கவனிக்க வேண்டும். குமிழுக்குள் தாமிரமும் இருக்கிறது. உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.