துப்பாக்கி ஓய்ந்த பிறகு நம்ம கை என்ன செய்யுது?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாப் படிங்க. குறிப்பா, ராத்திரி பகலா நம்ம பக்கங்களையும் வாட்ஸ்அப் குழுக்களையும் நடத்துற தம்பி, தங்கைகள் கட்டாயம் படிக்கணும்.

2025 ஏப்ரல் 22. காஷ்மீர்ல பஹல்காம் பக்கத்துல பைசரன் புல்வெளி. சுற்றுலா போன குடும்பங்களை நிறுத்தி, மதம் கேட்டு, ஆண்களைச் சுட்டுக் கொன்னாங்க. 26 உயிர் போச்சு. அதைச் செஞ்சவங்களுக்கு மன்னிப்பே கிடையாது. அந்த வாக்கியத்துக்குப் பின்னாடி "ஆனால்" போட்டுப் பேச நமக்கு எதுவும் இல்லை. இது முதல்ல தெளிவா இருக்கட்டும்.

இந்தப் பதிவு துப்பாக்கி ஓய்ந்த பிறகு டிவியிலயும், நம்ம கையில இருக்குற போன்லயும் நடந்ததைப் பத்தி.

ஒரு கேள்வி. கொல்ல வந்தவன் ஏன் மதம் கேட்டான்? கொல்லணும்னா கேட்காமலே சுட்டிருக்கலாமே? அவன் கேட்டது, அந்தச் செய்தி வெளியில போகணும்னுதான். போன பிறகு ஊர் ஊரா என்ன நடக்கணும்னு அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. துப்பாக்கி வச்சிருக்குறவன் 26 பேரைக் கொல்லலாம். 140 கோடி பேரை ரெண்டாப் பிரிக்க அவனால தனியா முடியாது. மிச்ச வேலைக்கு அவனுக்கு ஆள் வேணும். அந்த ஆளா நாம ஆகக்கூடாது. இவ்வளவுதான் இந்தப் பதிவு.

அன்னைக்குக் காஷ்மீர்ல என்ன நடந்தது?

செத்துப்போன 26 பேர்ல ஒருத்தர் அந்த ஊர்க்காரர். குதிரையில பயணிகளை ஏத்திட்டுப் போற தொழிலாளி, முஸ்லிம். பயணிகளைக் காப்பாத்தப் போய் உயிரை விட்டார். மறுநாள் காஷ்மீர் முழுக்கக் கடையடைப்பு. பயங்கரவாதத்தை எதிர்த்து இப்படி ஒரு முழு அடைப்பு நடந்து 35 வருஷம் ஆச்சுன்னு எழுதினாங்க. ஸ்ரீநகர் பத்திரிகைகள் முதல் பக்கத்தைக் கறுப்பா அச்சடிச்சாங்க. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில கண்டனம் அறிவிச்சாங்க. காயம்பட்டவங்களை உள்ளூர்க்காரங்க முதுகுல சுமந்து இறக்கினாங்க.

கொச்சியில இருந்து போன ஒரு பெண், கண் முன்னாடியே அப்பாவை இழந்தவங்க. ஊருக்கு வந்ததும் அவங்க சொன்னது, கூட நின்னு உதவின ரெண்டு காஷ்மீரி டிரைவர்கள் தனக்குச் சகோதரர்கள் மாதிரின்னு. அப்பாவைப் பறிகொடுத்த பொண்ணு இப்படிப் பேசுது. அதுக்கும் ஆன்லைன்ல வசை.

கல்யாணமாகி சில நாள்லயே கணவரை இழந்த கடற்படை அதிகாரியோட மனைவி, மே 1-ஆம் தேதி அவர் பிறந்தநாள்ல நடந்த ரத்த தான முகாமுக்கு வந்தாங்க. "எங்களுக்கு நியாயம் வேணும். அதுக்காக முஸ்லிம்கள் மேலயும் காஷ்மீரிகள் மேலயும் பாயாதீங்க"ன்னு கேட்டுக்கிட்டாங்க. சில நாள் முன்னாடி வரை அவங்க படத்தை ப்ரொஃபைல்ல வச்சு அழுத கூட்டமே திரும்பி அவங்களைத் திட்ட ஆரம்பிச்சது. கடைசியில தேசிய மகளிர் ஆணையம் கண்டிக்க வேண்டிய நிலைமை. அப்போ அந்தக் கூட்டத்துக்கு வேண்டியிருந்தது அவங்க கண்ணீர் மட்டும்தானா? அவங்க வாயைத் திறந்ததும் கசந்துடுச்சா?

அவங்களோட கடைசி வீடியோன்னு ஒண்ணு சுத்துச்சு, பார்த்திருப்பீங்க. ஒரு ஜோடி காஷ்மீர் பள்ளத்தாக்குல ஆடுற வீடியோ. கோடிக்கணக்கான இந்தியர்கள் துக்கத்துல இருந்த நேரம். அந்த வீடியோவுல இருந்த ஜோடியே நேர்ல வந்து "அய்யா, அது நாங்க. உயிரோடதான் இருக்கோம்"னு சொல்லவேண்டியதாச்சு. செய்தி சேனல்லயும் அது ஓடிடுச்சு. ஒரு நிமிஷம் யாராவது சரிபார்த்திருந்தா போதும்.

இதே நாட்கள்ல டேராடூன், சண்டிகர் பக்கம் படிக்கிற காஷ்மீரி மாணவர்களுக்கு மிரட்டல். அறையைக் காலி பண்ணுன்னு சொன்னாங்க. ஜம்மு காஷ்மீர் முதல்வர் உமர் அப்துல்லா மத்த மாநில அரசுகள்கிட்ட பாதுகாப்பு கேட்டுப் பேசினார், அமைச்சர்களையும் அனுப்பினார். கைல துப்பாக்கி இல்லாத பசங்க, புஸ்தகம் தூக்கிட்டுப் படிக்க வந்த பசங்க. அவங்க கதவைத் தட்டினவன் எல்லை தாண்டி வரல. நம்ம நாட்டுக்காரன்தான். பைசரன்ல சுட்டவன் ஆசைப்பட்டது இதைத்தான்.

அடுத்தது டிவி.

மே 7 ஆபரேஷன் சிந்தூர். மே 8 ராத்திரி நீங்க தூங்கியிருந்தா புண்ணியம் பண்ணினவங்க. கராச்சித் துறைமுகம் காலி, இஸ்லாமாபாத் நம்ம கையில, பாகிஸ்தான் தளபதி கைதுன்னு தேசிய சேனல்கள்ல பின்னணி இசையோட ஓடிச்சு. விடிஞ்சு பார்த்தா ஒண்ணும் உண்மை இல்லை. ராணுவ நடவடிக்கைகளை நேரலையில காட்டாதீங்கன்னு ஏப்ரல் 26-லயே தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுரை குடுத்திருந்தது. நடக்காததை நேரலையில காட்டாதீங்கன்னும் எழுதணும்னு பாவம், அவங்களுக்குத் தோணியிருக்காது.

சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை இது. பூஞ்ச்ல ஒரு ஆசிரியர், பாகிஸ்தான் பீரங்கித் தாக்குதல்ல செத்துப்போனார். நம்ம மண்ணுல, எதிரி குண்டுல செத்த இந்தியக் குடிமகன். அவர் போட்டோவைப் போட்டுப் "பயங்கரவாதி கொல்லப்பட்டான்"னு சேனல்கள் ஓட்டினாங்க. பூஞ்ச் காவல்துறையே மறுத்து அறிக்கை விட்டது. ஜூன்ல அங்க இருக்குற நீதிமன்றம் எஃப்ஐஆர் பதியச் சொல்லி உத்தரவு போட்டது. மையத்து வீட்டுல உட்கார்ந்திருக்குற குடும்பம் டிவியில இதைப் பார்த்தா எப்படி இருக்கும்? அந்தப் பிள்ளைங்க நாளைக்குப் பள்ளிக்கூடம் எப்படிப் போகும்?

மே 10 சண்டை நிறுத்தம். அதை அறிவிச்ச வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி மேலயும் பாய்ஞ்சாங்க. அவர் மகளையும் விடல. அரசாங்கம் எடுத்த முடிவைச் சொன்ன அதிகாரி அவர். தன் எக்ஸ் கணக்கைப் பூட்டிட்டு உட்கார வேண்டியதாச்சு. இந்தக் கூட்டத்துக்கு இன்னைக்கு இரை காஷ்மீரி மாணவன், நாளைக்கு விதவைப் பெண், நாளான்னைக்கு அரசாங்கத்தோட சொந்த அதிகாரி.

டிவி இப்படி நடக்குறது புதுசும் இல்லை. 2008 மும்பை 26/11 தாக்குதல்ல 166 பேர் செத்தாங்க. கமாண்டோக்கள் ஹெலிகாப்டர்ல இருந்து நரிமன் ஹவுஸ் மொட்டை மாடியில இறங்குறதை நேரலையில காட்டினாங்க. பாகிஸ்தான்ல உட்கார்ந்திருந்தவங்க அதே டிவியைப் பார்த்துப் பார்த்து, இங்க இருந்தவனுக்குப் போன்ல வழிகாட்டினாங்க. 2012-ல கசாப் மேல்முறையீட்டுத் தீர்ப்புல உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாவே கண்டிச்சது. கருத்துச் சுதந்திரம்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு சொன்னது. பாடம் கிடைச்சு இத்தனை வருஷம் ஆச்சு. படிச்சவங்க எத்தனை பேர்?

சரி, இவ்வளவு சத்தத்துல எந்தக் கேள்வி அமுங்கிப்போச்சு?

அத்தனை பேர் கூடுற புல்வெளியில பாதுகாப்பு ஏன் இல்லை? உளவுத்துறை என்ன பண்ணுச்சு? யார் பொறுப்பு? இதைக் கேட்டவங்களுக்குக் கிடைச்ச பட்டம் தேசத்துரோகி. கிட்டத்தட்ட மூணு மாசம் கழிச்சு, ஜூலையில, துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹாவே இது பாதுகாப்புக் குறைபாடுதான், பொறுப்பு என்னுதுன்னு பேட்டியில ஒத்துக்கிட்டார். அந்த மூணு மாசமும் டிவி விவாதத்துல பதில் சொல்ல வேண்டிய இடத்துல நின்னது அரசா, காஷ்மீர் மாணவனா? யோசிங்க. சத்தம் போட்டவன் எல்லாம் தேசபக்தன்னு நினைச்சுக்கிட்டோம். அந்தச் சத்தம் யாரைக் காப்பாத்துச்சுன்னு பார்க்கல.

காவல்துறையும் உள்துறையும் கையில இல்லாத உமர் அப்துல்லா, ஏப்ரல் 28 சட்டமன்றத்துல, விருந்தாளியா வந்தவங்களைப் பத்திரமாத் திருப்பி அனுப்புறது என் கடமை, அதுல தவறிட்டேன்னு பேசினார். இந்தச் சாவுகளைக் காட்டி மாநில அந்தஸ்து கேட்க மாட்டேன்னும் சொன்னார். அரசியல் பண்ண நேரம் எது, பண்ணக்கூடாத நேரம் எதுன்னு தெரிஞ்ச பேச்சு.

உலகத்துலயும் முன்மாதிரி இருக்கு. 2019 மார்ச் 15, நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச். ரெண்டு பள்ளிவாசல்ல 51 பேரைக் கொன்னவன், அதை ஃபேஸ்புக்ல நேரலையாப் போட்டான். முதல் 24 மணி நேரத்துல மட்டும் 15 லட்சம் வீடியோ பிரதிகளை நீக்கினதா ஃபேஸ்புக் சொன்னது. சுட்டவன் ஒருத்தன்தான். பரப்பினவங்க? அன்னைக்குப் பிரதமரா இருந்த ஜெசிந்தா ஆர்டர்ன், அவன் பேரை நான் சொல்லவே மாட்டேன்னு நாடாளுமன்றத்துல அறிவிச்சார். பாதிக்கப்பட்ட மக்களோட போய் நின்னார். ஒரு மாசத்துக்குள்ள துப்பாக்கிச் சட்டத்தை மாத்தினார். கோபம் சட்டமா மாறணும், கூட்டமா மாறக்கூடாது.

நம்ம பொதுக்கூட்ட மேடையில பார்த்திருப்பீங்க. மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்துல கொண்டுபோனா "கூய்ய்ய்"னு கத்தும். ஸ்பீக்கர் சத்தம் மைக்குல ஏறி, மைக் சத்தம் ஸ்பீக்கர்ல பெருகி, கடைசியில பேச்சாளர் பேசுறதே கேக்காது. டிவி சொல்றதை நாம பகிர்றோம், நாம பகிர்றதை "ட்ரெண்டிங்"னு டிவி காட்டுது. அதே கதைதான். அந்தக் கூச்சலை நிறுத்த ஒரே வழி, யாராவது ஒருத்தர் மைக்கைத் தள்ளி வைக்கணும்.

இதெல்லாம் வடக்க நடக்குறதுன்னு நினைக்காதீங்க. நம்ம கோவை இருக்கு. 1997 நவம்பர் கடைசியில ஒரு காவலர் கொலை, அதைத் தொடர்ந்து கலவரம், துப்பாக்கிச்சூடு, முஸ்லிம்கள் உயிரிழப்பு. 1998 பிப்ரவரி 14-ல தொடர் குண்டுவெடிப்பு, 58 உயிர். எந்தக் கொலையும் அடுத்த கொலைக்கு நியாயம் ஆகாது. ஆனா பழிக்குப் பழின்னு கிளம்பினா அது எங்க போய் நிக்கும்னு நம்ம மண்ணு ஏற்கெனவே பார்த்திருக்கு.

"எதிர்த்தரப்பு நிமிஷத்துக்கு ஒண்ணு போடுறான், நாம சும்மா இருந்தா ரீச் போயிடுமே"ன்னு சில தோழர்கள் கேக்குறாங்க. போகட்டும். ரீச் நாளைக்கு வரும். பொய்னு தெரிஞ்ச பதிவை எடுத்துட்டாலும் ஸ்கிரீன்ஷாட் நிக்கும், நம்ம பேரும் அதுல நிக்கும். அதனால சில விஷயங்களைப் பழக்கமாக்கிக்குவோம்:

1. முதல் நாள் அதிகாரபூர்வச் செய்தியும் உதவி எண்களும் மட்டும். வேற எதையும் போடாதீங்க.

2. உடல்கள், ரத்தம், அழுற முகம் எதையும் பகிராதீங்க. அது ஒரு குடும்பத்தோட துக்கம், நம்ம கன்டென்ட் இல்லை.

3. காவல்துறை சொல்ற வரைக்கும் யார் போட்டோவையும் "இவன்தான்"னு போடாதீங்க. பூஞ்ச் ஆசிரியரை நினைச்சுக்கோங்க.

4. பாதிக்கப்பட்டவங்க என்ன பேசினாலும் அவங்களைத் திருத்தப் போகாதீங்க. அவங்க நம்ம கட்சி கருத்துக்கு எதிராப் பேசினாலும் சரி.

5. கேள்வி கேளுங்க, விடாம கேளுங்க. ஆனா பதில் சொல்ல வேண்டிய அரசைக் கேளுங்க. பக்கத்து வீட்டுக்காரரைக் கேக்காதீங்க.

6. நம்ம குழுவுலயே ஒருத்தர் வெறுப்புப் பதிவு போட்டா, முதல்ல நாம கண்டிக்கணும். "நம்ம ஆளு"ன்னு விட்டுட்டா, அப்புறம் மத்தவனைக் கேக்க நமக்கு வாய் இருக்காது.

இன்னொரு பைசரன் நடக்கவே கூடாது. நடக்காம பார்த்துக்குறது அரசோட வேலை. ஒருவேளை நடந்துட்டா, அதைச் செஞ்சவனோட மிச்ச வேலையைச் செய்யாம இருக்குறது நம்ம வேலை. அதுக்குப் பதவி வேண்டாம், அதிகாரம் வேண்டாம். அடுத்த ஃபார்வர்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்தினா போதும்.

பகிருங்க தோழர்களே. இதைச் சரிபார்த்துட்டே பகிருங்க.

- தகவல் தொழில்நுட்ப அணி

#வெறுப்பைப்_பகிராதே #கேள்வியை_அரசிடம்_கேள்