வழிகாட்டி நூலைத் தேர்தல்

தண்டையார்பேட்டைக்குக் கிழக்கே கடலில் சரக்குக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றைக் கண்டு வளர்ந்த இளைஞன் ஒருவனுக்கு அயல்நாடு காணும் ஆவல் பிறப்பது இயல்பே. ஆலைக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளே அவன் கைம்முதல். அது வீணாகாமல் சென்று மீள நல்ல வழிகாட்டி நூல் துணை செய்யும். ஆயின், அழகிய அட்டையும் வண்ணப் படங்களும் ஒரு நூலை நல்ல நூலாக்கிவிடா.

முதற்கண் நோக்கத்தக்கது நூல் வெளிவந்த ஆண்டு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 'சிதம்பரம்' என்னும் பயணிகள் கப்பல் முன்னர் ஓடியது. 1985 ஆம் ஆண்டில் அக்கப்பல் தீ விபத்துக்குள்ளாகி, அதன் பயணமும் முடிந்தது. பழைய நூலை நம்புவோன் வாராத கப்பலுக்கன்றோ காத்திருப்பான்! 1957 இல் ஆர்தர் பிராமர் என்னும் அமெரிக்கர், நாளொன்றுக்கு ஐந்து டாலரில் ஐரோப்பாவைக் காண வழி கூறினார். இன்று அங்கே அத்தொகை ஒரு வேளை உணவுக்குப் போதுவதும் அரிது.

அடுத்து நோக்கத்தக்கது, நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பது. டோனி வீலர், மாரீன் வீலர் என்னும் தம்பதியர், ஆசியாவைக் குறைந்த செலவில் கடந்து சென்ற தம் அனுபவத்தை 1973 இல் சிறுநூலாக்கினர். அதிலிருந்தே 'லோன்லி பிளானட்' நூல்வரிசை வளர்ந்தது. இத்தகைய ஆங்கில நூல்கள் பெரும்பாலும் மேலைநாட்டாரின் பணப்பையை அளவாகக் கொண்டவை. அவர்களுக்கு மலிவாவது ஆலைத் தொழிலாளிக்கு மலிவாகாது. பிரிட்டிஷ் குடிமகன் விசாவின்றிச் சிங்கப்பூர் செல்லலாம்; இந்தியக் குடிமகனுக்கோ விசா வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாதவன் விமான நிலையத்திலிருந்தே திரும்ப நேரும். ஆதலின் இச்செய்திகளை அந்நாட்டு அரசின் அறிவிப்போடு ஒப்பிடுதல் இன்றியமையாதது.

மூன்றாவது சோதனை மிக எளியது. அதே நூல்வரிசையில் இந்தியாவைப் பற்றிய நூலை நூலகத்தில் எடுத்து, சென்னையைக் குறித்த பக்கங்களைப் படிக்க வேண்டும். மயிலாப்பூரும் மாமல்லபுரமும் அதில் இருக்கலாம். 1856 இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையம் உள்ளதா? தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் உள்ளனவா? இல்லையெனில், அயல்நாட்டு நகரங்களிலும் உழைப்பாளர் வாழும் தெருக்களை அந்நூல் விட்டிருக்கக்கூடும். எளியவன் கைப்பொருளுக்கேற்ற உணவு கிடைப்பது அத்தெருக்களிலன்றோ?

கைப்பேசி இருக்க நூல் எதற்கு என வினவுவாரும் உளர். கைப்பேசி தரும் செய்தியும் என்றோ ஒருவர், யாருக்காகவோ எழுதியதே. ஆதலின் இச்சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

வழிகாட்டி நூல் ஊன்றுகோல் போன்றது. ஊன்றுகோல் நடைக்குத் துணையாகுமேயன்றிக் கண்ணாகாது.