கடுமையாக்கும் உரிமை மாநிலத்துக்கு வேண்டும்

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை 2022இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த இடத்தையும் உள்ளடக்கிய நிலப்பரப்பை டங்ஸ்டன் சுரங்கத்துக்காக மத்திய அரசு ஏலம் விட்டது. 2023இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே தந்திருந்தது. ஊர்மக்கள் போராடினார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அரிட்டாபட்டி தப்பியது; அதை ஆபத்தில் தள்ளிய ஏற்பாடு அப்படியே இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில், இத்தகைய கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கும் அளித்தது. அடுத்த ஊர் போராடத் தவறினால் அதைக் காப்பாற்ற எந்தச் சட்டம் இருக்கிறது?

அதிகாரம் டெல்லியில் குவிந்தது ஒரே நாளில் அல்ல. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், 1974இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலச் சட்டமன்றங்களின் தீர்மானம் தேவைப்பட்டது. 1976இல் 42ஆவது திருத்தம் காடுகளையும் வன உயிர்ப் பாதுகாப்பையும் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 1981இன் காற்று மாசுச் சட்டமும், போபால் பேரழிவுக்குப் பின் வந்த 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவுகளை நிறைவேற்றுவதற்கென நாடாளுமன்றமே இயற்றியவை. இதை வெறும் அதிகாரப் பறிப்பு என்று தள்ளிவிட முடியாது. வேலூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதை 1996இல் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. மாநில நிர்வாகத்தின் கண்ணெதிரே நடந்த அழிவு அது. கெடுபிடி காட்டினால் ஆலை பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் எந்த மாநிலத்தையும் தளர வைக்கும். ஆகவே நாடு முழுவதற்கும் ஒரு குறைந்தபட்ச வரம்பு வேண்டும்; அதை வகுப்பது மத்திய அரசின் கடமை.

ஆனால் அந்த வரம்புக்கு மேலே போக மாநிலத்துக்கு வழி இருக்க வேண்டும். இது புதிய யோசனையல்ல. 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலேயே, கழிவு வந்து சேரும் நீர்நிலையின் தன்மையைப் பார்த்து, காரணங்களை எழுத்தில் பதிந்து, மத்திய அளவுகோலைவிடக் கடுமையான அளவை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதிக்கலாம் என்று இருக்கிறது. ஆலைக் கழிவுக்குப் பொருந்தும் இந்த நியாயம், ஆலையோ சுரங்கமோ எங்கே வரலாம் என்பதற்கும் பொருந்த வேண்டும். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கான கருத்துக்கேட்பை மத்திய அரசு நீக்கியது. பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழகம் சட்டம் இயற்றியது. டெல்டாவில் எதை இழப்போம் என்பது அந்த மண்ணுக்கு அருகில் இருக்கும் அரசுக்கே நன்றாகத் தெரியும்.

நாட்டுக்குத் தேவையான கனிமத்தை ஒரு மாநிலம் முடக்கலாமா என்று கேட்பார்கள். தேவை உண்மையானது, அதனால்தான் மாநிலத்தின் மறுப்பு ஆய்வுத் தரவுகளோடு எழுத்தில் இருக்க வேண்டும், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் அதை எதிர்க்க வழியும் வேண்டும். அரசியல் காரணத்துக்காகச் சொல்லப்படும் மறுப்பு அங்கே நிற்காது. மாசு மாநில எல்லை பார்ப்பதில்லை என்பதும் சரியான வாதமே. டெல்லியின் புகைக்காகப் பல மாநிலங்களுக்கும் பொதுவான ஆணையத்தை 2021இல் நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் அமைத்தது அதனால்தான். ஆனால் எல்லை தாண்டும் கேட்டைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருவது வேறு, ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் கட்டிய காப்பை உடைக்க அதிகாரம் தருவது வேறு. முன்னது இருக்கட்டும். பின்னதை நீக்க, மாநிலம் சட்டப்படி பாதுகாத்த நிலத்தை அதன் எழுத்துபூர்வ ஒப்புதலின்றி ஏலம் விடக்கூடாது என்ற ஒரு பிரிவைக் கனிமச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். மக்கள் கருத்துக்கேட்பு விலக்கையும் திரும்பப் பெற வேண்டும்.