கேமரன் மலைக்குப் போகாத பிள்ளைகள்



2026ஆம் ஆண்டில் பள்ளியாண்டின் தொடக்கம் மீண்டும் ஜனவரிக்கே வந்து சேர்ந்தது. 2022 முதல் மார்ச்சிலும் பிப்ரவரியிலுமாக அலைந்து கொண்டிருந்த முதல் நாள் பழைய இடத்துக்குத் திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், அதன் கையைப் பிடித்துக்கொண்டு பழைய ஆசாமி ஒருவரும் வந்துவிட்டார். முதல் வாரத்திலேயே ஆசிரியர் அறையில் ஒரு மாதிரிக் கட்டுரை கைமாறுவதைக் கண்டேன். தலைப்பு, 'பள்ளி விடுமுறையை நான் கழித்த விதம்'. வாங்கிப் படித்தேன். பொழுது புலர்கிறது. கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புகிறான். தந்தை மகிழுந்தை முடுக்குகிறார். குடும்பத்தார் கேமரன் மலைக்குப் புறப்படுகின்றனர். வழி நெடுகிலும் கண்கொள்ளாக் காட்சிகள். முடிவில் அனைவரும் மகிழ்ச்சிக் கடலில் மூழ்குகின்றனர்.

இந்தக் கடலில் நம் பிள்ளைகள் எத்தனை தலைமுறையாக மூழ்கிக் கொண்டிருக்கிறார்கள்! நானே 1979இல் மூழ்கி எழுந்தவன்.

சுற்றி வளைக்காமல் சொல்லி விடுகிறேன். இந்தக் கட்டுரை நம் வகுப்பறைகளிலிருந்து ஒழிய வேண்டும். தலைப்பு இருந்துவிட்டுப் போகட்டும். அதன் வயிற்றுக்குள் நாம் திணித்து வைத்திருக்கும் பொய் ஒழிய வேண்டும்.

சில பயிற்சி நூல்களில் இது 'கோடை விடுமுறை' என்றே வருகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது சரி. அங்கே ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும்போதுதான் பள்ளி மூடப்படும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கும் ஜொகூர் பாருவில் கோடை ஏது? நம் நீண்ட விடுமுறை நவம்பர், டிசம்பரில் வந்தது. அது வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். நம்முடைய விடுமுறை வெயிலில் காய்ந்ததன்று, மழையில் நனைந்தது. 'கோடை விடுமுறையில் குளிர்ச்சி நாடி மலைக்குச் சென்றோம்' என்று கூலாய்ப் பிள்ளை எழுதினால், அவன் தன் வீட்டுக் கூரையில் விழுந்த மழையின் ஓசையைக் காதில் வாங்காமலே எழுதுகிறான் என்று பொருள்.

என் கதைக்கு வருகிறேன். என் தந்தையார் ஜொகூர் பாருவில் சாலைத் தொழிலாளி. பாட்டி, ரெங்கத்தை அடுத்த ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1978 டிசம்பரில், ஆண்டுதோறும் போவது போலவே, நாங்கள் பாட்டி வீட்டுக்குப் போனோம். ஜொகூர் பாருவிலிருந்து இரயில். கெம்பாஸ் பாரு, கூலாய், லாயாங் லாயாங், பிறகு ரெங்கம். ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் மஞ்சள் பலகையைப் பார்க்கும் முன்பே உரக்கச் சொல்வது எனக்கும் தம்பிக்கும் பந்தயம். ரெங்கத்தில் இறங்கினால் தோட்டத்து லாரி. லாரி இல்லையென்றால் செம்மண் சாலையில் நடை. அம்மாவின் தலையில் துணிமூட்டை, அப்பாவின் கையில் பாட்டிக்கு வாங்கிய பிஸ்கட் தகரம்.

லயத்து வீட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் சம்பளமும் குறையும். இது அன்று எனக்குத் தெரியாது. மழை பெய்தால் பாட்டி வீட்டில் இருப்பார் என்பது மட்டுமே தெரியும். ஆகவே மழை வேண்டும் என்று மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டேன். மார்கழி பஜனைக்கு விடியுமுன்னே எழுப்பிக் கொண்டு போவார்கள். பாதித் தூக்கத்தில் சுண்டலுக்காகக் கை நீட்டியபோது வேண்டியது அது. மழை இல்லாத நாளில் பாட்டியோடு நானும் தம்பியும் தோப்புக்குள் போவோம். மரத்தில் வெட்டுக் கோட்டின் மேல் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து வாளியில் போடுவது எங்கள் வேலை. கொசுக்கடி, அட்டை, உறைந்த பாலின் நாற்றம். இரப்பர்க் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கித் தம்பியின் தொடையில் வைப்பேன்; அவன் அலறுவான். மாலையில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும். அந்த மாதம் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பாதியில் மழை வந்து துணி நனைந்தது. யாரும் எழுந்து போகவில்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தோம்.

இதையெல்லாம்தான் 1979 ஜனவரியில், ஐந்தாம் வகுப்பின் முதல் வாரத்தில் எழுதினேன். நான் எழுதிய முதல் நல்ல கட்டுரை அதுவே என்று இன்றும் நம்புகிறேன். என் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "தோட்டத்துக்குப் போனதெல்லாம் ஒரு பயணமா? ஒட்டுப்பாலை எல்லாம் கட்டுரையில் எழுதுவார்களா? வேறு எழுதி வா," என்று திருப்பிக் கொடுத்தார். வகுப்பு சிரித்தது. அவர் கெட்டவரல்லர். அவ்வாண்டு எங்களுக்கு ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு இருந்தது. நாங்கள் தேற வேண்டும் என்று உழைத்தவர் அவர். அதனால்தான் இதை ஒருவர் மீதான குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் வேறு எழுதிப் போனேன். கேமரன் மலை. பொற்கதிர். மகிழுந்து (எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மிதிவண்டி). அந்த மலையை நான் கண்டதில்லை. மளிகைக் கடை நாட்காட்டியில் பார்த்த ஏதோ ஒரு வெளிநாட்டு மலையை மனத்தில் வைத்துக்கொண்டு, 'அங்கே உறைபனியில் உருண்டு விளையாடினோம்' என்று எழுதினேன். மலேசியாவில் உறைபனி! ஆசிரியர் அதைக் கவனிக்கவே இல்லை. 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதி, கட்டுரையைச் செய்திப் பலகையில் ஒட்டினார்.

பொங்கலுக்குப் பாட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கட்டுரை பலகையில் ஏறிய செய்தியை அப்பா பெருமையோடு சொன்னார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. "என்னைப் பத்தி எழுதியிருக்கியாய்யா? படி, கேப்போம்," என்றார். தாளைக் கையில் பிடித்தேன். கேமரன் மலையின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, ரெங்கத்தைப் படித்தேன். மழையை, பஜனையை, ஒட்டுப்பாலை, நனைந்த திரையை. தாளில் இல்லாத ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து படித்தேன். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளை வாங்கி மடித்துத் தம் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். அவர் இறந்தபின் அது என் கைக்கு வந்தது. அதில் அவர் பெயரோ தோட்டத்தின் பெயரோ ஒரு வரியில்கூட இல்லை.

இது பழங்கதை, இப்போது யார் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். 2006 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கோத்தா திங்கி நீரில் மூழ்கியது. வடிந்து துடைத்து முடிப்பதற்குள் 2007 ஜனவரியில் மறுபடியும் மூழ்கியது. துயர் துடைப்பு மையத்தில் விடுமுறையைக் கழித்த பிள்ளைகளும் பள்ளி திறந்ததும் இன்பச் சுற்றுலாதான் எழுதினார்கள். எழுதச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சிங்கையோடு நம்மை இணைக்கும் பாலம் வெறிச்சோடியது. விடியற்காலை மோட்டார் சைக்கிளில் போய் இரவில் திரும்பிக் கொண்டிருந்த நம் தந்தையர் பலர் அக்கரையிலேயே தங்கினர். 2021 நவம்பர் 29இல் தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயணம் தொடங்கும்வரை, பல வீடுகளில் அப்பா என்பவர் கைப்பேசித் திரையில் தெரியும் முகம் மட்டுமே. என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை அந்த டிசம்பரில்தான் வீடு திரும்பினார். இருபது மாதம் கழித்து! 2022இன் முற்பகுதியில் அவன் எழுதிய விடுமுறைக் கட்டுரையில் என்ன இருந்தது தெரியுமா? தந்தை மகிழுந்தை முடுக்கினார், கேமரன் மலைக்குச் சென்றோம், செம்புற்றுப்பழம் பறித்தோம். இரண்டு மரபுத்தொடர், ஓர் இணைமொழி, ஓர் உவமைத்தொடர், எல்லாம் இடம் அறிந்து பொருத்தப்பட்டிருந்தன. நான் நல்ல புள்ளி போட்டேன். பல வாரங்கள் கழித்து அவன் தாயார் வேறொரு காரியமாகப் பள்ளிக்கு வந்து பேசிக் கொண்டிருந்தபோதுதான் செய்தி தெரிந்தது. அப்பா படியேறி வந்த இரவில், இவன் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டானாம். வெளியே வர அரை மணி நேரம் ஆயிற்றாம். அந்தக் கதவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனிடம் அப்படி ஒரு செல்வம் இருந்தது. அதைப் பற்றி எழுதலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகளாக அவனுக்குத் தமிழ் கற்பித்த நாங்கள் யாரும் சொல்லவில்லை!

சக ஆசிரியர்கள் மறுப்பார்கள். மாதிரி இல்லாமல் பின்தங்கிய மாணவன் எப்படி எழுதுவான்? மொழியணிகளைப் பயன்படுத்த வேண்டாமா? தேர்வு இருக்கிறதே? ஒவ்வொன்றும் நியாயமான கேள்விதான். மாதிரி வேண்டும். முன்னுரை எப்படி, பத்தி எப்படிப் பிரிப்பது என்று காட்ட மாதிரி வேண்டும். ஆனால் நாம் கொடுப்பது சட்டத்தை அன்று. சட்டத்துக்குள் வேறொருவர் குடும்பத்தின் படத்தையும் சேர்த்தே கொடுக்கிறோம். பின்தங்கிய மாணவனிடம், உன் வீட்டில் முதலில் எழுபவர் யார், அன்று என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். ஆறு வாக்கியம் சொல்வான். 'மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினோம்' என்பதை மனனம் செய்யும் நேரத்தில் பாதி போதும். இணைமொழியும் மரபுத்தொடரும் தெருவிலும் வீட்டிலும் பிறந்தவைதாமே? உண்மையான செய்திக்கு அவை தாமே வந்து ஒட்டும்.

தேர்வைப் பற்றிச் சொல்வதானால், 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். 2019இல் கடைசியாக நடந்தது, 2020இல் பெருந்தொற்றால் நடக்கவில்லை, 2021இல் அகற்றப்பட்டது. பேய் போய்விட்டது; பேய்க்குக் கட்டிய தாயத்தை மட்டும் ஏன் இன்னும் பிள்ளையின் கழுத்தில் தொங்க விட்டிருக்கிறோம்?

பெற்றோர்களே, உங்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. விடுமுறை விட்டதும் மூன்று இடங்களில் டியூஷன், மீதி நேரத்துக்குக் கைப்பேசி. "சும்மா இருந்தால் கெட்டுப் போவான் சார்," என்கிறீர்கள். சும்மா இருந்த நாள்களில்தான் நான் மரத்தையும் மழையையும் கவனித்தேன். வசதியுள்ளவர்கள் லங்காவிக்கோ கெந்திங் மலைக்கோ அழைத்துப் போகிறீர்கள். போய் வாருங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் கூலாய் அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடியில் மின்தூக்கி பழுதாகி இறங்க முடியாமல் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாரம் பிள்ளையை அவரிடம் விட்டுப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள், "எங்கேயும் கூட்டிப் போகவில்லை, கட்டுரையில் என்ன எழுதுவான்," என்று கூசுகிறீர்கள். அந்தக் கூச்சத்தை உங்களுக்குக் கொடுத்தது எங்கள் தலைப்பு. அதற்கு நாங்கள்தாம் வெட்கப்பட வேண்டும்.

தோட்டத்து வாழ்க்கையைப் பொற்காலம் என்று எழுதும் என் வயதுக்காரர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பாட்டியின் விரல்கள் வளைந்து, நிமிர மறுத்தன. கள்ளுக்கடையில் சம்பளம் கரைந்த வீடுகள் எங்கள் லயத்திலேயே இருந்தன. பள்ளிப் பிள்ளை தோப்பில் ஒட்டுப்பால் உரித்தது எனக்கு விளையாட்டு. தோட்டத்திலேயே வாழ்ந்த என் வயதுப் பையனுக்கு அது விளையாட்டன்று, அரிசி. அந்தத் தோட்டத்து இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது, லயங்களும் போயின. ஜொகூர் பாருவில் மவுண்ட் ஆஸ்டின் இரப்பர்த் தோட்டமாக இருந்ததென்று இன்று அங்கே தேநீர் குடிக்கும் இளைஞரிடம் சொன்னால் நம்புவாரா? தோட்டமே இல்லாத இடங்களில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்ற பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. திரும்பிப் போகச் சொல்லவில்லை. அங்கே நடந்ததை, நடந்தபடி எழுதும் உரிமை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இருந்திருக்க வேண்டும் என்கிறேன்.

2026 ஜனவரியில் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் தலைப்பை மாற்றினேன். 'விடுமுறையில் ஒரு நாள் காலை எழுந்ததிலிருந்து நண்பகல் வரை'. கேமரன் மலை வந்தால் புள்ளி இல்லை என்றும் சொல்லி வைத்தேன். (உண்மையிலேயே போய் வந்த ஒரு பையன் முறையிட்டான். அவனுக்கு விலக்கு அளித்தேன். போகும் வழியில் அவன் வாந்தி எடுத்ததை அருமையாக எழுதியிருந்தான்.) ஒரு மாணவி எழுந்து, "சார், எங்கேயும் போகலன்னா?" என்று கேட்டாள். போகாததை எழுது என்றேன்.

அவள் அரைப் பக்கம்தான் எழுதினாள். அம்மா இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் ஏழரை மணிக்கு வருவார். தம்பி சத்தம் போட்டால் அம்மா தூங்க முடியாது. ஆகவே நண்பகல் வரை இருவரும் வீட்டில் சைகையாலேயே பேசிக்கொள்வார்கள். பசிக்கு ஒரு சைகை, கழிவறைக்கு ஒரு சைகை, 'உன்னை அப்புறம் கவனிக்கிறேன்' என்பதற்கு ஒரு சைகை. இணைமொழி ஒன்றுமில்லை, எழுத்துப் பிழை ஒன்பது. மூன்று சைகைகளையும் ஓரத்தில் படமாக வரைந்திருந்தாள். பிழைகளைத் திருத்திய பிறகு, வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னேன்.